செண்டுமல்லி மாலையும் மும்மாதக் கடவுச்சொல்லும்

மும்பையிலிருந்து புணே செல்லும் இருப்புப்பாதையில், புணேவுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்னதாக வருவது தளேகாவ். ஊரை ஒட்டித் தொழிற்பேட்டை. அதில் வேலை செய்வோரில் தமிழரும் உண்டு. நவராத்திரியின் ஒன்பதாம் நாளை மராத்தியர் 'கண்டே நவமி' என்பர். நமக்கு அது ஆயுத பூஜை. அன்று கடைசல் இயந்திரத்துக்குக் குங்குமம் இடப்படும்; சர்வர் அறையின் கதவில் செண்டுமல்லி மாலை தொங்கும்; மேசைக் கணினியின் நெற்றியில் மஞ்சள் ஏறும். மறுநாள் தசரா. ஆப்டா மரத்தின் இலையைப் 'பொன்' என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வர். கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், அது இலைதான் என்று. அதை எவரும் அடகுக் கடைக்கு எடுத்துச் செல்வதில்லை.

கணினிக்குச் சூட்டிய மாலையைக் கண்டு நகைக்கும் பகுத்தறிவாளர் பலர். ஆனால் அந்த மாலை நேர்மையானது. வைரஸை 99 விழுக்காடு தடுப்பேன் என்று அது சொல்வதில்லை, ஆண்டுச் சந்தா கேட்பதில்லை, வாடியதும் மாற்றப்படுகிறது. அதே கணினியின் உள்ளே, பாதுகாப்பு என்ற பெயரில் ஆண்டு முழுவதும் நடக்கும் பூசைகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

முதற் பூசை, கடவுச்சொல் மாற்றம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக்குறி இருக்க வேண்டும். முந்தைய ஐந்தில் ஒன்றாக இருக்கக் கூடாது. இந்த ஆசாரம் எந்த ஆகமத்திலிருந்து வந்தது? அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டு ஆவணம் அதற்கு முதன்மையான மூலங்களில் ஒன்று. அதன் கடவுச்சொல் பகுதியை எழுதிய பில் பர், ஓய்வு பெற்ற பின் 2017-இல், தாம் வகுத்தவற்றில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் செய்தித்தாளிடம் ஒப்புக்கொண்டார். மனிதர் உண்மையில் எப்படிக் கடவுச்சொல் அமைக்கிறார்கள் என்பதற்கான தரவு அன்று அவரிடம் போதிய அளவு இருக்கவில்லை. அதே ஆண்டு அந்த நிறுவனமும், காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் எனத் தன் ஆவணத்தைத் திருத்திக்கொண்டது.

தரவு அதற்கு முன்பே கிடைத்திருந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காலாவதியான பல்லாயிரம் கடவுச்சொற்களை எடுத்து ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். பழைய கடவுச்சொல் கையில் இருந்தால், அடுத்ததைக் கண்டுபிடிப்பது எவ்வளவு எளிது? ஏறத்தாழ 41 விழுக்காட்டில், கணினிக்குச் சில நொடிகளே தேவைப்பட்டன. கணிசமான கணக்குகளில் ஐந்து ஊகங்களுக்குள்ளேயே விடை வந்துவிட்டது. வியப்பில்லை. 'ஜனவரி@2024' எனத் தொடங்கியவர் ஏப்ரலில் என்ன வைப்பார் என்று சொல்ல ஆய்வு உதவித்தொகை வேண்டியதில்லை. ஆயினும் ஆசாரம் நிற்கவில்லை. எழுதியவரே வேதம் தவறு என்று சொன்ன பிறகும், நம் அலுவலகங்கள் பலவற்றில் தொண்ணூறாம் நாள் மணியடிக்கிறது. புதிய கடவுச்சொல் மஞ்சள் தாளில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்படுகிறது.

இரண்டாம் பூசை, மதில். 2018 மார்ச் மாதம், ஆதார் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் முன் அரசின் தலைமை வழக்கறிஞர் ஒரு விளக்கம் அளித்தார்: ஆதார்த் தரவு 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட சுவர்களுக்குப் பின்னே பாதுகாப்பாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் மதிலுக்கு இந்தப் பெருமையைச் சொல்லியிருந்தால் பொருந்தும். தரவு சுவரேறிக் குதித்து வெளியேறுவதில்லை. அனுமதி பெற்ற ஒருவரின் கணக்கு வழியாக, வாசற்படியிலேயே நடந்து போகிறது. அதே ஆண்டு சனவரியில் 'ட்ரிப்யூன்' நாளேடு வெளியிட்ட செய்தி அதைத்தான் சொன்னது: 500 ரூபாய் கொடுத்தால், ஆதார் எண்ணுக்கு உரியவரின் பெயர், முகவரி முதலியவற்றைப் பார்க்கும் வழி ஒன்று கிடைக்கிறது. விரல்ரேகை முதலிய உயிரளவைத் தரவுகள் பத்திரமாக இருப்பதாக ஆதார் ஆணையம் மறுமொழி கூறியது. கூடவே முதல் தகவல் அறிக்கையும் பதிவாயிற்று. அதில் செய்தியாளரின் பெயரும் இருந்தது. சுவரில் ஓட்டை இருக்கிறது என்று காட்டிய விரலே முதலில் பிடிபட்டது.

அந்த ஆண்டு சூலை 28 அன்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் ஆர்.எஸ். சர்மா, தம் ஆதார் எண்ணை ட்விட்டரில் வெளியிட்டு, தமக்குத் தீங்கு செய்து காட்டுமாறு அறைகூவினார். அவருடைய கைபேசி எண் முதலிய விவரங்களை அன்பர்கள் அடுக்கடுக்காக வெளியிட்டனர். சிலர் அவர் கணக்கில் 1 ரூபாய் செலுத்தியும் மகிழ்ந்தனர். அவை ஆதார்த் தரவுத்தளத்திலிருந்து வந்தவை அல்ல, பொதுவெளியில் இருந்தவையே என்று ஆணையம் கூறியது. அது உண்மையாகவும் இருக்கலாம். சில நாள்களில் அதே ஆணையம், ஆதார் எண்ணைப் பொதுவெளியில் பகிர வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுரை கூறியது. தீங்கே இல்லை என்றால் பகிர்ந்தால் என்ன? தீங்கு உண்டு என்றால் அந்த அறைகூவல் எதைத்தான் நிறுவியது? ஒரு சோதனை எப்போது தோற்றதாகக் கொள்ளப்படும் என்று முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், அது சோதனை ஆகாது. வித்தை காட்டுதல் ஆகும்.

இரண்டே வாரங்களில் புணே நகரம் உண்மையான சோதனை ஒன்றைச் சந்தித்தது. அதை யாரும் அறைகூவி அழைக்கவில்லை.

காஸ்மோஸ் கூட்டுறவு வங்கி 1906-இல் புணேயில் தோன்றியது. சுதேசி இயக்கத்தின் காலம் அது. அடுத்த இரண்டாண்டில், ஆளுக்கு ஒரு பைசா என்று திரட்டிய 'பைசா நிதி'யைக் கொண்டு தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. திலகர் ஆதரித்த முயற்சி. சிறுகச் சேர்த்த காசை நம்பிக்கையோடு ஓரிடத்தில் கொடுத்து வைப்பது என்பது இந்த வட்டாரத்தின் பழைய பழக்கம். ஒன்று கண்ணாடியாயிற்று, மற்றொன்று வங்கியாயிற்று.

2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. அன்று சில மணி நேரத்திற்குள், 28 நாடுகளின் ஏடிஎம்களிலிருந்து, ஏறத்தாழ 12,000 பரிவர்த்தனைகளில், காஸ்மோஸ் வங்கியின் அட்டைகளைப் போலி செய்து 78 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது. இந்தியாவுக்குள் இன்னொரு 2.5 கோடி. திங்கட்கிழமை 13 ஆம் தேதி, ஸ்விஃப்ட் வலையமைப்பின் வழியே 13.92 கோடி ஹாங்காங்கில் உள்ள ஒரு கணக்குக்குப் போயிற்று. கூட்டுத்தொகை 94.42 கோடி. இப்படியொரு ஏடிஎம் கொள்ளை உலகளவில் நடக்கவிருக்கிறது என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வங்கிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது முந்தைய நாள்தான்.

நடந்தது என்ன? ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால், அந்தக் கோரிக்கை 'ஸ்விட்ச்' எனப்படும் இடைநிலை அமைப்புக்குச் செல்லும். அது வங்கியின் மையக் கணக்கு அமைப்பிடம் 'இவர் கணக்கில் பணம் உண்டா' என்று கேட்கும். விடை வந்த பிறகே பணம் வெளியே வரும். கொள்ளையர் வங்கியின் வலையமைப்புக்குள் புகுந்து, போலி ஸ்விட்ச் ஒன்றை நிறுவிவிட்டனர். அது மையத்திடம் எதையும் கேட்கவில்லை. வந்த கோரிக்கை எல்லாவற்றுக்கும் 'சரி, கொடு' என்று விடையளித்தது. தசரா அன்று ஆப்டா இலையைப் பொன் என்று ஏற்றுக்கொள்வதைப் போன்றதே இதுவும். வேறுபாடு ஒன்றுதான்: இங்கே இலையைப் பெற்றுக்கொண்டவர் உண்மையான பொன்னை எண்ணிக் கொடுத்தார்.

இக்கதையில் வாடிக்கையாளரின் பங்கு என்ன என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. வங்கியில் கணக்கு வைத்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தம் பின் எண்ணை மனைவியிடமும் சொல்லாமல், மாதந்தோறும் மாற்றி, விசைப்பலகையைக் கையால் மறைத்து அழுத்தியிருந்தாலும், போலி ஸ்விட்ச் அதே 'சரி, கொடு' என்பதைத்தான் சொல்லியிருக்கும். வாடிக்கையாளர் கணக்குகளில் குறைவு ஏதும் இல்லை, இழப்பு வங்கியுடையது என்று வங்கி அறிவித்தது; அது நல்லதே. பின்னர் ஐ.நா. பாதுகாப்பு அவையின் நிபுணர் குழு இக்கொள்ளையை வடகொரியாவோடு தொடர்புபடுத்தியது. புணே நீதிமன்றம் 2023-இல் 11 பேரைத் தண்டித்தது. போலி அட்டையோடு ஏடிஎம் வாசலில் நின்று பணம் எடுத்த வகையினரே அவர்கள். ஸ்விட்சைச் செய்தவர் எவரும் அந்தக் கூண்டில் ஏறவில்லை.

மூன்றாம் பூசை, மறுப்பறிக்கை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. 29 ஆம் தேதி நிலையத்தின் சார்பில் ஓர் அறிக்கை: கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை; அவற்றின் மீது இணையத் தாக்குதல் இயலாது; பரவுவது பொய்ச் செய்தி. மறுநாளே இந்திய அணுமின் கழகத்தின் அறிக்கை: தீநிரல் இருந்தது மெய்தான், செப்டம்பர் 4 அன்றே அதுபற்றித் தகவல் வந்தது, ஆனால் அது நிர்வாகப் பணிகளுக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் மட்டுமே. அணு உலையின் கட்டுப்பாடு பாதிக்கப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். தொல்லை அதில் இல்லை. 'இயலாது' என்ற சொல்லில் இருக்கிறது. இணையத்தோடு இணைக்கப்படாத ஈரானின் நதான்ஸ் ஆலைக்குள் ஸ்டக்ஸ்நெட் புகுந்த செய்தி 2010-இலேயே உலகறிந்தது. அறிவியலில் 'இயலாது' என்ற சொல்லை வெப்ப இயக்கவியலின் விதிகளுக்கு ஒதுக்கி வைப்பதே மரபு. கணினிப் பாதுகாப்பில் அதை மக்கள் தொடர்பு அலுவலகம் வழங்குகிறது.

இந்த மூன்று பூசைகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி, 2016-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றில் அதை விளக்கினார்: பாதுகாப்பு பற்றிய கூற்றுகள் பலவற்றைப் பொய்ப்பிக்கவே முடியாது. ஒன்று பாதுகாப்பற்றது என்பதை ஒரு நிகழ்வால் காட்டிவிடலாம். பாதுகாப்பானது என்பதைக் காட்டும் நிகழ்வு எதுவும் இல்லை. ஆகவே 'இதைச் செய்யாவிட்டால் ஆபத்து' என்று சொல்லப்படும் எந்த ஆசாரத்தையும் நீக்கத் துணிவு வருவதில்லை; பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. திருட்டு நடக்கவில்லையா? பூசை பலித்தது. நடந்துவிட்டதா? பூசையில் குறை வைத்தவர் நீங்கள்.

இதே தளேகாவுக்கு வந்த மற்றொரு வாக்குறுதியோடு இதை ஒப்பிடலாம். வேதாந்தா, ஃபாக்ஸ்கான் நிறுவனங்கள் 1.54 லட்சம் கோடி ரூபாயில் அமைக்கவிருந்த சில்லு ஆலை இங்கே வரும் என்று பேசப்பட்டது. 2022 செப்டம்பரில் அது குஜராத்துக்குப் போயிற்று. மகாராஷ்டிர அரசியலில் பெரும் அமளி. 2023 சூலையில் ஃபாக்ஸ்கான் கூட்டிலிருந்தே விலகியது; இரு மாநிலத்துக்கும் இல்லாமல் முடிந்தது. எனினும் அந்த வாக்குறுதிக்கு ஒரு நற்குணம் இருந்தது: அது பொய்த்ததை எவரும் காண முடிந்தது. ஆலை வரவில்லை என்பதை ரயில் நிலையத்தில் தேநீர் விற்பவரும் சொல்லிவிடுவார். 'உங்கள் தரவு பாதுகாப்பாக இருக்கிறது' என்ற வாக்குறுதி பொய்த்ததை, பல வேளைகளில், கொடுத்தவருக்கே மாதக்கணக்கில் தெரியாது.

பொய்ப்பிக்க முடியாதது போல் தோன்றும் கூற்றை எப்படிச் சோதிப்பது என்பதற்குப் புணேயே ஒரு முன்மாதிரியைத் தந்திருக்கிறது. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லீகர், நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து, சோதிடத்தைப் புள்ளியியல் முறையில் சோதித்தார். படிப்பில் சிறந்த மாணவர் 100 பேர், அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகள் 100 பேர் ஆகியோரின் பிறப்பு விவரங்களைக் கொண்டு சாதகங்கள் கணிக்கப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் கலந்தெடுத்த 40 சாதகங்கள். எது எந்த வகை என்று சொன்னால் போதும். 27 சோதிடர்கள் விடை அனுப்பினர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தே 20 சரியாக வரலாம். மிகச் சிறப்பாகச் செய்தவர் 24 சொன்னார். மொத்தத்தில் சரியானவை 46 விழுக்காடு. 200 சாதகத்தையும் பார்த்த ஒரு சோதிட நிறுவனம் 51 விழுக்காட்டை எட்டியது. முடிவு 2009-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று.

அந்த ஆய்வின் அழகு, அது சோதிடத்தைத் திட்டவில்லை என்பதே. வெற்றி எது, தோல்வி எது என்று முன்பே எல்லாரும் அறியச் சொன்னது, விடையைச் சொல்பவருக்குத் தெரியாமல் மறைத்தது, எண்ணியது, வெளியிட்டது. இதே நான்கையும் கணினிப் பாதுகாப்பிடம் கேட்பது பெரும் கேள்வி அல்ல. ஆண்டுதோறும் இணையவழிப் பாடம் எடுத்து, பத்து வினாவுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெற்ற ஊழியர், மோசடி மின்னஞ்சலை மற்றவரைவிடக் குறைவாகச் சொடுக்குகிறாரா? மும்மாதக் கடவுச்சொல் மாற்றத்தை ஒரு துறையில் நிறுத்தி, மற்றொன்றில் தொடர்ந்தால் எங்கே அதிகம் கணக்கு பறிபோகிறது? இவை எண்ணிப் பார்க்கக் கூடியவை. எண்ணிப் பார்க்காமல் வாங்கும் மென்பொருளுக்கும் பரிகாரத் தாயத்துக்கும் உள்ள வேறுபாடு விலைப்பட்டியலில்தான் இருக்கிறது.

ஆனால் சோதிப்பவருக்கு இந்நாட்டில் என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை, புணேயில் நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கணினிப் பாதுகாப்பில் அவ்வளவு கொடுமை இல்லை; வழக்கு மட்டுமே. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, அனுமதியின்றி ஒரு கணினி அமைப்புக்குள் நுழைவதை இழப்பீட்டுக்கு உரிய குற்றமாக்குகிறது. நல்லெண்ணத்தோடு ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கென்று தனி விலக்கு எதையும் அது தரவில்லை. பூட்டு திறந்திருக்கிறது என்று கதவைத் தட்டிச் சொல்லும் மாணவர், முதலில் தம் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை.

இதில் உண்மையாகவே இழப்பவர் யார்? ரிசர்வ் வங்கி 2017 சூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இடத்தில் முக்கியமானது. குறை வங்கியிடம் என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. குறை இருவரிடமும் இன்றி வேறெங்கோ என்றால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு இல்லை. வாடிக்கையாளரின் 'கவனக்குறைவு' என்றால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் அவருடையது. பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியின் மேல் என்றும் அது சொல்கிறது. நல்ல விதி, ஆனால் அதன் முழு எடையும் 'கவனக்குறைவு' என்ற ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. பூசைப் பட்டியல் நீள நீள, அச்சொல்லின் பரப்பும் நீள்கிறது. எவராலும் முழுதும் கடைப்பிடிக்க இயலாத நாற்பது விதிகளை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், பணம் போன அன்று அவர் மீறிய விதி ஒன்றாவது கட்டாயம் அகப்படும். சாமியாடியிடம் கேட்டால், குலதெய்வத்துக்கு எப்போதோ விட்டுப்போன படையல் ஒன்று அகப்படுவதைப் போல.

எனவே ஆசாரம் வெறும் வேடிக்கை அல்ல. அது பொறுப்பை மேலிருந்து கீழே இறக்கும் ஏற்பாடாகவும் வேலை செய்கிறது. ஸ்விட்ச் இருக்கும் அறையின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பதைவிட, ஓடிபியை யாரிடம் சொன்னீர் என்று கேட்பது எளிது. வாடிக்கையாளர் விழிப்போடு இருக்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஓடிபியை அந்நியரிடம் சொல்லாதிருப்பது பயன் தரும் விதி, காரணமும் விளங்குகிறது. அத்தகைய விதிகள் நான்கைந்து இருக்கும். மற்றவற்றுக்குக் காரணம் கேட்டால் 'பெரியவர்கள் சொன்னது' என்ற பதிலே, தணிக்கை அறிக்கையின் மொழியில் வருகிறது.

பூசை நாளை ஒழித்துவிடலாம் என்று இதற்குத் தீர்வு சொல்வது அறிவின்மை. ஆயுதங்களை எடுத்து, துடைத்து, துரு ஏறியதா என்று பார்த்து வைப்பதற்கான நாளாகவும் அதைக் கொள்ளலாம். அடுத்த கண்டே நவமியன்று, மாலை சூட்டிய பின், சர்வர் அறையில் மூன்று காரியம் செய்து பார்க்கலாம். ஆண்டு முழுவதும் 'எடுக்கப்படுகிறது' என்று பதிவேட்டில் கையெழுத்தாகும் காப்புப் பிரதியை ஒருமுறை மீட்டுப் பார்க்கலாம். திறக்கிறதா என்று தெரிந்துவிடும். பணியிலிருந்து சென்றுவிட்டவர்களின் கணக்குகள் இன்னும் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணலாம். கடந்த ஓராண்டில் எது பழுதாயிற்று, யார் கண்டுபிடித்தார், எத்தனை நாள் கழித்து என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாரும் பார்க்குமாறு ஒட்டலாம்.

அந்தப் பக்கத்தை ஒட்டுவதற்கு இடமும் ஏற்கெனவே உண்டு. திரையின் ஓரத்தில் கடவுச்சொல் எழுதிய மஞ்சள் தாள் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டால் போதும்.